தடையை மீறி உட்காருவது என்று முடிவெடுத்தால்

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வந்திருக்கும் கேள்வியின் சாரம் இது. ஊர்க் குளத்தில் நடக்கும் ஆக்கிரமிப்பைக் கண்டித்துக் கூட்டம் போட அனுமதி கேட்கிறார்கள். கூட்டத்தையும் ஊர்வலத்தையும் ஒழுங்குபடுத்தும் காவல் சட்டப் பிரிவு 30(2) அமலில் இருக்கிறது என்று சொல்லி ஸ்டேஷனில் மறுக்கிறார்கள். பதினைந்து நாள் முடிந்தால் அடுத்த பதினைந்து நாள் என்று தடை நீண்டுகொண்டே போகிறது. "மீறி உட்கார்ந்திரலாம்னு இளவட்டங்க சொல்லுதாங்க. உக்காரலாமா? உக்காந்தா என்ன ஆகும்? அடிதடி இல்லாம எப்படி முடிக்க?"

உட்காரலாம். ஆனால் மீறுகிற அந்த ஒரு நாளுக்கு முன்னால் மூன்று வார வேலையும், பின்னால் இரண்டு வருட வேலையும் இருக்கிறது. நம் பகுதியில் பல போராட்டங்கள் தளர்ந்துபோனது லத்திக்குப் பயந்து அல்ல. வாய்தாவுக்கு அலைந்தே தளர்ந்தன. அதனால் பதிலில் பெரும்பகுதி அந்த முன்னேற்பாட்டைப் பற்றித்தான்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பஸ்ஸை மறிப்பது, கடையை அடைக்கச் சொல்வது, முற்றுகையிடுவது எல்லாவற்றையும் சட்ட மறுப்பு என்று சொல்லிவிடுகிறோம். சட்ட மறுப்புக்கு மூன்று அடையாளம் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டு எல்லோரும் பார்க்கச் செய்வது. எதிரில் நிற்பவர் மேல் கை வைக்காதது. அதற்கான தண்டனையை ஓடி ஒளியாமல் ஏற்பது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறு ஏதோ ஒன்று. ராத்திரியோடு ராத்திரியாக வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காலையில் "யார் செய்தார்களோ" என்று நிற்பது இதில் சேராது.

எந்தச் சட்டத்தை மீறுகிறோம் என்பது அடுத்தது. 1930இல் காந்தி உப்பைத் தேர்ந்தெடுத்தபோது அவர் கூட இருந்தவர்களே முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தை ஒரு கிழவிகூட ஒரு சட்டியை வைத்துக்கொண்டு மீறலாம். மீறினால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வரியின் அநியாயம் ஒவ்வொரு சோற்றுக் கவளத்திலும் தெரியும். தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தடுக்கப்பட்ட மேலாடையான தோள்சீலையை அணிந்ததும் அப்படியே. எந்த உரிமையைக் கேட்டார்களோ அதையே செய்துகாட்டினார்கள். அதற்காகத் தெருவில் சேலை கிழிக்கப்பட்டும் அணிந்தார்கள். 1859 ஜூலையில் மன்னரின் பிரகடனம் வந்தது, அதுவும் பாதி உரிமையாகத்தான் வந்தது.

இந்த வகை மீறலே வலுவானது: தடுக்கப்பட்ட நியாயமான காரியத்தை அப்படியே செய்வது. உங்கள் ஊரில் தடுக்கப்பட்டிருப்பது கூடிப் பேசுவது. ஆகவே நீங்கள் மீற வேண்டியது கூட்டத் தடையை மட்டும். கூடுங்கள், பேசுங்கள், உட்காருங்கள். தென்காசி ரோட்டில் பஸ்ஸை மறிக்காதீர்கள். பஸ்ஸுக்குள் இருப்பவர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவராக இருப்பார். அவர் உங்கள் குளத்தை ஒன்றும் செய்யவில்லை. சாலையை மறித்த உடனேயே வழக்கின் கதையும் மாறிவிடும். "கூடினார்கள்" என்பது "பொதுமக்களுக்கு இடையூறு செய்தார்கள்" என்றாகிவிடும்.

சட்டமே இல்லாத அநீதிக்கு இந்தக் கருவி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சேரன்மகாதேவி குருகுலத்தில் 1920களில் பிள்ளைகளைச் சாதி பார்த்துத் தனிப்பந்தியில் உட்கார வைத்தபோது மீறுவதற்கு அரசுச் சட்டம் எதுவும் இல்லை. காங்கிரஸ் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பத்தாயிரம் ரூபாயில் பாக்கி ஐயாயிரத்தைக் கொடுக்க, அப்போது காங்கிரஸில் இருந்த பெரியார் மறுத்தார். அங்கே பிடி பணத்தில் இருந்தது. இன்றைக்கு ஒரு டீக்கடையில் தனிக்குவளை இருந்தால் சட்டம் உங்கள் பக்கம். அங்கே செய்ய வேண்டியது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார்.

இனி இந்த மண்ணின் பாடம். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அதை நடத்தினார்கள். வேலை இல்லாத நாட்களில் தொழிலாளர் வீட்டு அடுப்பு எரிய நிதி திரட்டினார்கள். மில் தரப்புக்கு ஊரில் பொருளும் சேவையும் கிடைக்கவில்லை. ஒன்பது நாளில் நிர்வாகம் கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் இறங்கி வந்தது. கச்சிதமான வெற்றி.

அதே வருடம் மார்ச் 9 அன்று, வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடக் கூடாது என்ற எச்சரிக்கையை மீறி ஊர்வலமும் கூட்டமும் நடந்தன. 12ஆம் தேதி கலெக்டர் விஞ்ச், மாவட்டத்தை விட்டுப் போகச் சொல்லியும் நன்னடத்தை ஜாமீன் எழுதிக் கொடுக்கச் சொல்லியும் வ.உ.சி.யும் சிவாவும் மறுத்தார்கள். கைதானார்கள். அதுவரை அப்பழுக்கில்லாத சட்ட மறுப்பு. மறுநாள் 13ஆம் தேதி திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, மாணவர்கள் வெளியே வந்தார்கள், கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தை உட்கார வைக்க ஆள் இல்லை. நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று தீ பரவியது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிர் போனது. தண்டக் காவல் படை வந்து, அதன் செலவு ஊர்க்காரர் தலையிலேயே விழுந்தது. வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள், நாற்பது வருடம்.

அந்த மக்களின் கோபத்தில் ஒரு குறையும் இல்லை. குறை அமைப்பில் இருந்தது. தலைவர் உள்ளே போன மறு நிமிஷம் யார் பேசுவது, யார் சொன்னால் கூட்டம் கேட்கும் என்பது முடிவாகவில்லை.

இருபத்திரண்டு வருடம் கழித்து ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1930 ஏப்ரல் 13 திருச்சியில் புறப்பாடு. தேர்ந்தெடுத்த நூறு பேர் அளவிலான தொண்டர்கள், சுமார் 150 மைல். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், நடப்பவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று அறிவித்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, தன்முன் உட்கார்ந்திருப்பவர் தொண்டர்களைப் பிடித்த போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்காகச் சிறை போனார். அவருக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. ஏப்ரல் 30 அன்று ராஜாஜி கைதான பிறகும் உப்பு அள்ளுவது நிற்கவில்லை. அடுத்த அணி, அதற்கடுத்த அணி என்று பெயர்ப் பட்டியல் முதலிலேயே எழுதப்பட்டிருந்தது.

ஆகவே உங்கள் முதல் வேலை பட்டியல். மூன்று தாள் போடுங்கள்.

முதல் தாளில் கைதாகச் சம்மதிப்பவர்கள். முதல் அணி இருபது பேர் போதும். இருநூறு பேர் வந்து பாதிப்பேர் வேன் வந்ததும் ஓடுவதைவிட, இருபது பேர் கடைசிவரை உட்கார்ந்திருப்பது கனமானது. பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். பேச்சாளர் கைதானால் பேசுவது யார், அவரும் போனால் யார் என்று மூன்று பெயர் வரிசையாக.

இந்தத் தாளில் யாரைச் சேர்க்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பையன் போலீஸ் தேர்வுக்கு மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பான். சீருடைப் பணியாளர் தேர்வில் குற்ற வழக்கில் பெயர் இருந்தாலே தடங்கல். சந்தேகத்தின் பலனில் விடுதலையானால்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே விதி எடுத்துக்கொள்கிறது. அந்தப் பையன்களைத் தண்ணீருக்கும் கேமராவுக்கும் போடுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பித்திருப்பவர், இன்சுலின் போடுபவர், கைக்குழந்தைக்காரி, ஏற்கனவே ஒரு ஜாமீன் நிபந்தனையில் இருப்பவர் எல்லோரும் இரண்டாம் தாளுக்கு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை ஊர்க்கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மானத்துக்காக வந்து உட்கார்ந்துவிட்டுப் பிறகு வருந்துவார்கள்.

இரண்டாம் தாள் உதவிக்காரர்கள்: தண்ணீர், சாப்பாடு, வக்கீலுக்குப் போன், கைதானவர் வீட்டு மாட்டுக்குத் தீவனம் வைப்பது வரை. மூன்றாம் தாள் சாட்சிகள்: கூட்டத்தில் உட்காராமல் ஓரமாக நின்று நேரத்தோடு குறித்துக்கொள்ளும் நாலு பேர். ஓய்வுபெற்ற வாத்தியார்கள் இதற்குத் தங்கமானவர்கள்.

அடுத்தது கடிதம். காந்தி தண்டிக்குப் புறப்பட்டது 1930 மார்ச் 12. அதற்குப் பத்து நாள் முன்னதாக மார்ச் 2ஆம் தேதியே வைஸ்ராய்க்குக் கடிதம் போய்விட்டது. நீங்களும் படிப்படியாகப் போங்கள். குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் குளத்தைப் பற்றிய மனு, ரசீது எண்ணோடு. பிறகு டி.எஸ்.பி.க்குக் கூட்ட அனுமதி மனு: தேதி, ஆரம்பிக்கும் நேரம், முடியும் நேரம், இடம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா இல்லையா. திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர். பதிவுத் தபாலில் ஒரு பிரதி. வாய்மொழியாக மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். மறுப்பு கைக்கு வந்ததும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் போட முடியும். பல சமயம் நிபந்தனையோடு அனுமதி கிடைத்துவிடும், மீற வேண்டிய அவசியமே வராது. கிடைக்கவில்லை என்றால், "இன்ன தேதி, இன்ன மணிக்கு, இத்தனை பேர், ஆயுதமில்லாமல் கூடுவோம், கைது செய்தால் உடன்படுவோம்" என்று கடைசிக் கடிதம். அந்தக் கடிதத்தின் நகல்தான் பின்னால் கோர்ட்டில் உங்கள் சிறந்த சாட்சி.

தேதி குறிக்கும்போது ஊரின் கணக்கைப் பாருங்கள். பிசான நெல் அறுப்பு நேரத்தில் ஆள் வராது. நெல்லையப்பர் ஆனித்தேர் சமயத்தில் பந்தோபஸ்துக்குப் போலீஸே கிடைக்காது, அதைக் காரணம் காட்டி மறுப்பதும் நியாயமாகத் தெரியும். பங்குனி உத்திரத்தில் ஊர் முழுக்கச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடும்.

இடம். இதில் அவசரப்படாதீர்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு வந்த ஊர்வலம் கொக்கிரகுளத்தில் தடுத்து அடிக்கப்பட்டபோது, ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் தாமிரபரணி. ஆற்றில் இறங்கியவர்கள் உட்படப் பதினேழு பேர் இறந்தார்கள், ஒரு குழந்தையும் சேர்த்து. அந்தச் சாவுக்கு அடித்தவர்கள்தான் பொறுப்பு. ஆனால் ஏற்பாடு செய்கிற ஒவ்வொருவரும் அந்த இடத்தின் அமைப்பை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது மூன்று பக்கம் வெளியேற வழி இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் ஆறு, கால்வாய், உயரச் சுவர், ரயில் பாதை வேண்டாம். முதல்நாள் சாயங்காலமே போய்ப் பாருங்கள்: ரோடு வேலைக்குக் கொட்டிய சல்லிக் குவியல் கிடந்தால் இடத்தை மாற்றுங்கள். கல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், எறிய உங்கள் ஆளே வேண்டியதில்லை. வேறு எவனோ ஒருவன் எறிந்தாலும் வழக்கு உங்கள் மேல்தான். கொடிக்கு மூங்கில் கம்பு, இரும்புக் குழாய் எதுவும் வேண்டாம். கையில் பிடிக்கும் அட்டை போதும்.

உட்கார்ந்திருப்பதுதான் பாதுகாப்பு. நிற்கும் கூட்டம் ஒரு தள்ளலில் ஓடும் கூட்டமாகிவிடும். பொறுப்பாளர்களுக்கு மூன்றே கட்டளை பழக்குங்கள்: "உக்காருங்க", "கையைக் கோத்துக்கோங்க", "பேசாதீங்க". முதல்நாள் ஊர்ச் சாவடியில் அரைமணி நேரம் ஒத்திகை பாருங்கள். நாலு பேர் போலீஸாக நடித்து இழுக்கட்டும், வையட்டும். வைதால் திருப்பி வையாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும். யாரால் முடியாது என்பதும் தெரிந்துவிடும். குடித்துவிட்டு வருகிறவர் சொந்த அண்ணனாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்புங்கள். தூக்கிக்கொண்டு போகும்போது உடம்பைத் தளர்த்திவிடலாம். உதறக் கூடாது. உதறும் கை ஒரு காவலர் மேல் பட்டால், அரசு ஊழியரைத் தாக்கியதாகப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 132 வரும், அதற்கு ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. பஸ் கண்ணாடி உடைந்தால் 1992ஆம் வருடத்துப் பொதுச் சொத்துச் சேதச் சட்டம்.

போனை நம்பி எல்லாவற்றையும் வைக்காதீர்கள். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தபோது தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். வக்கீல் எண், இரண்டு உதவிக்காரர் எண் மூன்றையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

நியாய சன்ஹிதாவில் சாதாரணமாக வரும் பிரிவுகள் மூன்று. உத்தரவை மீறியதற்கு 223 (பழைய 188), ஆறு மாதம் வரை சிறை அல்லது 2500 ரூபாய் வரை அபராதம். சட்டவிரோதக் கூட்டத்துக்கு 189(2) (பழைய 143). வழிமறித்தால் 126(2) (பழைய 341). மூன்றும் ஜாமீனில் விடக்கூடியவை. 223 வழக்கைக் கோர்ட் எடுத்துக்கொள்ள, உத்தரவு போட்ட அதிகாரியே எழுத்தில் புகார் தர வேண்டும். போலீஸின் குற்றப்பத்திரிகை போதாது. மதுரைக் கிளை 2018 செப்டம்பரில் பழைய 188ஐப் பற்றி இதைத் தெளிவாகச் சொன்னது. 30(2) என்பது கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம், எதிர்ப்பையே மொத்தமாக மூடும் அதிகாரம் அல்ல என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் வழக்கின் உயிர்நாடி அதுதான். முடிந்தால் ஒவ்வொரு பதினைந்து நாள் உத்தரவின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு அடுக்கி வையுங்கள். வரிசையாக வைத்தாலே, தடை எத்தனை மாதமாக நிரந்தரமாகிக் கிடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கைதான பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. வேன், கல்யாண மண்டபம், தட்டில் சாம்பார் சாதம், சாயங்காலம் விடுதலை. மேடையில் மணவறை அலங்காரம் பாதி பிரிக்காமல் கிடக்கும். அதன் கீழே ஏட்டையா ஒரு நீள நோட்டோடு உட்கார்ந்து பெயர், தகப்பனார் பெயர், வயசு, கதவு எண், போன் எண் என்று எழுதுவார். இளவட்டங்கள் செல்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள். போராட்டம் முடிந்துவிட்டது போல இருக்கும். வழக்கு தொடங்குவது அந்த நோட்டில்தான். பொறுப்பாளரும் ஒரு நோட்டு வைத்து, வேன் எண், ஏற்றிய நேரம், மண்டபப் பெயர், விட்ட நேரம், எத்தனை ஆண், எத்தனை பெண் என்று எழுத வேண்டும். பெயரைச் சரியாகவே சொல்லுங்கள்; பொய்ப்பெயர் சொல்பவர் சட்ட மறுப்பாளர் அல்ல. வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்லவும், வீட்டுக்குத் தகவல் தரவும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். சூரியன் விழுந்த பிறகு பெண்களைக் கைது செய்ய விசேஷக் காரணமும், பெண் அதிகாரியும், மாஜிஸ்டிரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

மறுநாளே எஃப்.ஐ.ஆர். பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது "மற்றும் பலர்" என்ற இரண்டு சொல். இடிந்தகரையில் கூடங்குளம் அணு உலை எதிர்ப்பின்போது ஆயிரக்கணக்கானவர் மேல், தேசத்துரோகப் பிரிவு உட்பட, வழக்குகள் இப்படித்தான் விரிந்தன. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே அவற்றைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. எண்ணிக்கை திறந்திருக்கும் வரை யாரை வேண்டுமானாலும் பின்னால் சேர்க்கலாம். உங்கள் நோட்டும் சாட்சிகளின் குறிப்பும் அதற்குத்தான்.

செலவுக் கணக்கு போடுங்கள். இருபது பேர், பன்னிரண்டு வாய்தா என்றால் 240 நாள் கூலி. பஸ் காசு தனி. இந்தப் பணத்தை உட்காருவதற்கு முன்பே சேர்க்க வேண்டும். பிறகு யாரும் தரமாட்டார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் எல்லோரும் போக வேண்டியதில்லை. வக்கீல்கள் இன்னும் "317 பெட்டிஷன்" என்றே சொல்லும் மனுவைப் போட்டு (இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 355) ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஒருமுறை சும்மா விட்டுவிட்டால் பிடிவாரண்ட். மேலே சொன்ன மூன்று பிரிவுக்கும் கோர்ட் வழக்கை எடுத்துக்கொள்ள ஒரு வருடம்தான் கெடு. தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, தாண்டிவிட்டால் மதுரைக் கிளையில் அதே நடைமுறைச் சட்டத்தின் 528இன் கீழ் ரத்து கேளுங்கள்.

"தண்டனையை ஏற்பது என்றால் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்வதா?" என்ற குழப்பம் வரும். கூடினோம், உட்கார்ந்தோம் என்பதை மறைக்க வேண்டாம். அந்தத் தடையே செல்லாது என்று வாதாடுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அது ஓடி ஒளிவது ஆகாது. கல்லெறிந்தார்கள், மிரட்டினார்கள் என்று சேர்த்திருந்தால் அதைக் கடைசிவரை எதிர்த்து நடத்துங்கள். "அபராதத்தைக் கட்டிட்டுப் போயிருவோம், 500 ரூவாதானே" என்று யாராவது சொன்னால், அது தண்டனைத் தீர்ப்பாகப் பதிவாகும் என்பதை முதலில் விளக்குங்கள். தெரிந்தே ஏற்பவர் ஏற்கட்டும்.

கடைசியாக, 1908இல் விஞ்ச் நீட்டிய அதே தாள் உங்கள் முன்னாலும் வரலாம். ஊரில் "107" என்று சொல்வது, இப்போது அந்த நடைமுறைச் சட்டத்தின் 126: அமைதி காப்பதாக ஒரு வருடம் வரை பிணைப் பத்திரம். ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வரும். "இனி கூட்டமே போட மாட்டேன்" என்று பொருள் வரும்படி எழுதியிருந்தால் கையெழுத்திட வேண்டாம். வக்கீலோடு போய், அமைதியாகக் கூடுவது அமைதிக்குலைவு ஆகாது என்று எழுத்தில் பதில் கொடுங்கள். கையெழுத்திடுவதா மறுப்பதா என்பதை இருபது பேரும் ஒன்றாக உட்கார்ந்து, நோட்டீஸ் வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். தனித்தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள்.